ஈறில் ரத்தமா? பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம்

பல் தேய்த்துத் துப்பினால் நுரையோடு சிவப்பும் சேர்ந்து வருகிறது. கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தக் கறை. கர்ப்பிணிகள் பலருக்கு இது பழகிப்போன காட்சி. வீட்டில் சொன்னால், "மாசமா இருந்தா அப்படித்தான், குழந்தை பிறந்ததும் சரியாயிடும்" என்பார்கள். அது பாதி உண்மைதான். அதை நம்பிப் பிரசவம் வரை சும்மா இருந்துவிடுவதுதான் சிக்கல்.

கர்ப்பிணிகளில் 100க்கு 60 முதல் 75 பேருக்கு ஈறு அழற்சி ஏற்படுகிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் பிசுபிசுப்பான பாக்டீரியாப் படலமே இதற்கு மூலகாரணம். கர்ப்பம் அதைத் தூண்டிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் பெருகும்போது ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, எளிதில் கசியத் தொடங்குகின்றன. முன்பு ஈறு பொறுத்துக்கொண்ட அதே அழுக்குக்கு இப்போது வீங்கிச் சிவக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈறில் வாழும் 'பிரெவோடெல்லா இன்டர்மீடியா' என்ற பாக்டீரியா வளர வைட்டமின் கே போன்ற ஒரு பொருள் தேவை. அது கிடைக்காவிட்டால் இந்த ஹார்மோன்களையே அதற்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று கார்ன்மன், லோஷ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சிலருக்குப் பற்களுக்கிடையே சிவந்த சிறு கட்டி முளைக்கும். பிரஷ் பட்டாலே ரத்தம் கொட்டும். பார்த்துப் பதற வேண்டாம், இது புற்றுநோயல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கிவிடும். ஆனால், அழற்சி ஆழமாக இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிட்டால், அந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. 'குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும்' என்ற பேச்சு செல்லாத இடம் அதுதான்.

ஈறு நோயால் குறைப்பிரசவம் ஆகுமா? ஈறு நோய் முற்றிய தாய்மார்களுக்குக் குறைமாத, எடை குறைந்த குழந்தைகள் பிறக்கும் அபாயம் பல மடங்கு அதிகம் என்று 1996இல் அமெரிக்காவில் ஆஃபன்பேக்கர் குழு சொன்னபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அப்படியானால் ஈறைச் சரிசெய்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டுமல்லவா? 823 கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்தார்கள்; முடிவு 2006இல் வெளியானது. 21 வாரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம். பிரசவத்துக்குப் பின் சிகிச்சை பெற்றவர்களில் 12.8 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

ஆகவே 'பல்லைச் சுத்தம் செய்யாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து' என்று கர்ப்பிணியைப் பயமுறுத்துவது தவறு. அதே ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது: ஈறுகள் நன்றாகத் தேறின, சிகிச்சையால் தாய்க்கோ சேய்க்கோ கேடு வரவில்லை. கர்ப்பிணியின் வலிக்கு மருந்து தர, அது குழந்தைக்கும் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? அவள் வாய் அவளுக்காகவே நலமாக இருக்க வேண்டாமா?

ஸ்கேலிங், பல் அடைத்தல், மரத்துப்போகப் போடும் லிடோகெய்ன் ஊசி எல்லாமே கர்ப்ப காலத்தில் செய்யத்தக்கவை. அவசியமானால் ஈயக் கவசம் போர்த்திப் பல் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். ஆனால் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் கூடாது; வயிற்றிலிருக்கும் குழந்தையின் பற்களில் அவை கறை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் வேண்டாம்.

மசக்கை வாந்தி வந்ததும் வாய் நாற்றம் போக உடனே பல் தேய்ப்பவர்கள் உண்டு. வயிற்று அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும் நேரம் அது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துத் தேயுங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் அழுக்கு சேர்ந்து இன்னும் அதிகமாக வரும். மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தேய்க்க வேண்டும்.

பல் மருத்துவரிடம் எத்தனை மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சை நாற்காலியில் உட்கார வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடக் கூடாது. கடைசி மாதங்களில் நாற்காலியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். வலது இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து, இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்துகொள்ளுங்கள்.