பாதுகாப்புக் கட்டளையும் அதன் மீறுகையும்

கிடுகுவேலி யாழ்ப்பாணத்தார் வாழ்வின் அடையாளமாக நெடுங்காலம் விளங்கியது. வேலிக்குள் நிகழ்வது வேலிக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நெறி. இன்று வேலிகள் அருகி மதில்கள் எழுந்துவிட்டன. நெறி மாத்திரம் மாறவில்லை. அந்நெறியினால் விளைந்த நன்மைகள் பலவே. ஆயினும், மனைவி மீது கைநீட்டும் கணவனுக்கும், பெற்றோரை அடித்துப் பணம் பறிக்கும் மகனுக்கும் அதுவே அரணாக அமைந்துவிட்டமையை நாம் மறுத்தல் இயலாது. இலங்கையில் 2019 ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற நாடளாவிய ஆய்வொன்று, மணவாழ்விற் புகுந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் தம் துணைவராலேயே வன்முறைக்கு ஆளாகியுள்ளனர் எனக் கண்டது. ஆதலின் இது பிறர் வீட்டுக் கதையன்று.

முன்னர்ச் சட்டம் இவ்விடயத்தில் என் செய்தது? 1883 ஆம் ஆண்டின் தண்டனைக் கோவை அடித்தலையும் காயப்படுத்தலையும் குற்றமாகவே கொண்டது. ஆனால் அடி விழுந்த பின்னரே அது பேசும். கணவனைச் சிறைக்கு அனுப்புவதா, அடியைப் பொறுப்பதா என்னும் இரண்டுக்கும் இடையே வேறு வழியின்றிப் பெண்கள் தவித்தனர். அவ்விடை வழியைத் திறந்தது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமாகும்.

இச்சட்டத்தின்படி வன்முறைக்கு ஆளானவர் மட்டுமன்றி, ஆளாகக்கூடும் என அஞ்சுபவரும் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை வேண்டி விண்ணப்பிக்கலாம். அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் இத்தகைய நீதிமன்றங்கள் உள. ஆபத்து அணித்தாயிருப்பின் நீதவான் உடனேயே இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, பதினான்கு நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணை குறிப்பார். விசாரணையின் பின் வழங்கப்பெறும் கட்டளை பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குச் செல்லுபடியாகும். உடற்காயம் மட்டுமன்றி, தொடர்ந்து இழிவுபடுத்தி உளத்தைச் சிதைக்கும் கொடுமையும் இச்சட்டத்துள் அடங்கும். கணவன் மனைவியர் மாத்திரமன்றிப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் முதலியோரும் இதன் எல்லைக்குட்பட்டவரே. வெளிநாட்டிற் பிள்ளைகளிருக்க, தனித்து வாழும் முதியோர் மலிந்த நம் குடாநாட்டுக்கு இது சாலவும் ஏற்றது.

இங்கே ஒரு நுட்பத்தை நம் மாணவர் உளங்கொள்ளவேண்டும். பாதுகாப்புக் கட்டளை தண்டனையன்று. அது பெற்றவர் குற்றவாளியுமல்லர். வீட்டுக்குள் நுழையாதே, பின்தொடராதே, வேலைத்தலத்துக்குச் செல்லாதே என்று வரம்பிடுவதே அதன் தொழில். அவ்வரம்பைத் தாண்டும்போதே குற்றம் பிறக்கின்றது. கட்டளையை மீறியவர் சுருக்கமுறை விளக்கத்தின்பின் குற்றவாளியெனக் காணப்படின் பதினாயிரம் ரூபாவுக்கு மேற்படாத குற்றப்பணமோ, ஓராண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீறும்போது கை ஓங்கியிருக்கவேண்டும் என்பதில்லை. பேசலாகாது எனக் கட்டளையிருப்பின், நயந்து பேசிய ஒரு தொலைபேசி அழைப்பும் மீறுகையே.

"அவளே வரச்சொன்னாள், அதனாற் சென்றேன்" என்று கூறுவாருமுளர். உறவினர் கூடிச் சமாதானம் செய்தமையால் கட்டளை கழிந்தது என எண்ணுவாருமுளர். இரண்டும் தவறு. கட்டளையைப் பிறப்பித்தது நீதிமன்றம். ஆதலின் அதனை மாற்றவும் நீக்கவும் வல்லது நீதிமன்றமே. சமாதானம் மெய்யாயின் இருவரும் மன்றுக்குச் சென்று அதனைத் தெரிவித்தலே முறை. இவ்விதி பெண்ணுக்கும் நன்மையே. மன்னித்துவிடு என்று சுற்றத்தார் நெருக்கும்போது, "அது என் கையில் இல்லை" என்று சொல்ல அவளுக்கு ஒரு விடை கிடைக்கின்றது.

நம் தேசவழமையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் குடியிருக்கும் வீடு மனைவியின் சீதனமாகும். ஆயினும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. தன் பெயரில் உறுதியிருந்தும் தன் வீட்டிலிருந்தே ஓடவேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது. பாதுகாப்புக் கட்டளை உறுதியைத் தொடுவதில்லை. எவர் அவ்வீட்டிற் புகலாகாது என்பதையே அது வரையறுக்கின்றது.

பிற நாடுகள் சென்ற வழியையும் நோக்குவோம். இங்கிலாந்தில் இத்தகைய கட்டளையை மீறுதல் முன்னர் நீதிமன்ற அவமதிப்பாகவே கொள்ளப்பட்டது. 2004 ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. 2007 இல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. இந்தியா நம்மைப்போன்றே 2005 இற் சட்டமியற்றி, ஓராண்டுச் சிறையோ இருபதினாயிரம் ரூபா வரை குற்றப்பணமோ இரண்டுமோ எனக் கொண்டதுடன், மீறியவரைப் பிடியாணையின்றிக் கைதுசெய்யவும் வழிவகுத்தது.

ஆனாற் சட்டம் கடுமையாயிருத்தல் மட்டும் போதுமா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே கட்டளையை மீறுபவரைப் பொலிசார் கைதுசெய்யவேண்டும் என்றே மாநிலச் சட்டம் கூறியது. 1999 ஆம் ஆண்டு ஆனி மாதம், காசில் றொக் என்னும் ஊரிலே, கட்டளைக்குட்பட்டிருந்த தந்தையொருவன் தன் மூன்று பெண்மக்களைக் கொண்டுசென்றான். தாய் இரவெல்லாம் பொலிசாரை மன்றாடினாள். அவர்கள் பொறுத்திருக்கச் சொன்னார்கள். விடியுமுன் மூன்று பிள்ளைகளும் பிணமாயினர். தாய் தொடுத்த வழக்கில், கட்டளையை நிறைவேற்றுவிக்கும் உரிமை அரசியலமைப்பின்படி அவளுக்கு இல்லையென 2005 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2011 இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழுவோ, அவளையும் பிள்ளைகளையும் காக்க அரசு தவறியது எனக் கண்டது. நிறைவேற்றுவாரில்லாத கட்டளை வெறுங் காகிதமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் சட்டத்திலும் குறைகள் உள. 2005 இற் பதினாயிரம் ரூபா ஏறத்தாழ நூறு டொலர். 2022 இன் பண வீழ்ச்சிக்குப்பின் அது நாற்பது டொலருக்கும் குறைவு. வசதிபடைத்தவனை அத்தொகை தடுக்குமா? பன்னிரண்டு மாத வரையறையும் சிலருக்குப் போதாது.

சட்டம் திருந்தும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. நம் கல்லூரி ஈன்ற மைந்தருள் நீதிமன்றிலும், பொலிசிலும், பாடசாலைகளிலும், கிராம அலுவலர் பதவியிலும் பணிபுரிவோர் பலர். ஏனையோர் அயலவராயும் மாமன் சித்தப்பன்மாராயும் உள்ளனர். நள்ளிரவில் ஒருத்தி கதவைத் தட்டிக் கட்டளையின் பிரதியைக் காட்டுவாளாயின், "காலையிற் பேசித் தீர்ப்போம்" என்று அவளைத் திருப்பியனுப்பாதிருப்போமாக. அவளை உள்ளே இருத்தி, உடனே பொலிசுக்கு அறிவிப்போமாக. காலைவரை பொறுக்கச் சொன்னதன் பயனைக் காசில் றொக்கிற் கண்டோம்.