அணை சிறியதுதான், கீழே எத்தனை வீடுகள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டக்கோவா என்ற சிற்றோடையின் குறுக்கே கெல்லி பார்ன்ஸ் என்றொரு மண் அணை இருந்தது. உயரம் 42 அடி. 1977 நவம்பர் 6 அதிகாலை ஒன்றரை மணிக்கு அது உடைந்தது. வெளியேறிய தண்ணீர் சுமார் 27 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தண்ணீர் 186 அடி உயர அருவி வழியாகப் பாய்ந்து, கீழே இருந்த பைபிள் கல்லூரி வளாகத்துக்குள் புகுந்தது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

இந்த அணையை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டவில்லை. 1899-இல் சிறு மின் நிலையம் ஒன்றுக்காக மரச்சட்டங்களுக்குள் கல்லை நிரப்பி ஒரு தடுப்பு எழுப்பினார்கள். பின்னாளில் கல்லூரி தன் மின் தேவைக்காக அதன் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரை இன்னும் உயர்ந்தது. 1957-இல் மின் உற்பத்தி நின்றது. ஏரி மட்டும் பொழுதுபோக்குக்காக அப்படியே நின்றது. வருமானம் தராத அணைக்குப் பராமரிப்புச் செலவு செய்ய யாருக்கும் கை வராது. சிறிய அணைகள் பலவற்றின் கதை இப்படித்தான் போகிறது.

உடைந்த பிறகு வந்த விசாரணைக் குழு முதலில் வரைபடங்களைத் தேடியது. எதுவும் கிடைக்கவில்லை. பாதுகாப்பு மதிப்பீடு தொடங்குவதே அங்கிருந்துதான். எந்த ஆண்டு கட்டியது, அடியில் பாறையா மண்ணா, நடுவில் களிமண் வைத்தார்களா, எப்போது உயர்த்தினார்கள், இதற்கு முன் எங்கே சரிந்தது என்பதெல்லாம் ஏட்டில் இருந்தால்தான், கண்ணில் படும் விரிசல் புதியதா பழையதா என்று சொல்ல முடியும். கெல்லி பார்ன்ஸ் கரையின் வெளிப்புறத்தில் ஒரு பகுதி சரிந்து கிடப்பது 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. படம் இருந்தது, அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

அடுத்தது கரையில் நடப்பது. கணினி எவ்வளவு வளர்ந்தாலும் இந்த நடைக்கு மாற்று கிடையாது. பொறியாளர் கரையின் உச்சியில் நடந்து, நேர்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு எங்கே தொய்கிறது என்று பார்ப்பார். வெளிச்சரிவில் இறங்கி, புற்கள் ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தால் அங்கே நிற்பார். உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். மரங்களை எண்ணுவார். கரையில் நிழல் தரும் மரம் ஊருக்கு அழகாகத் தோன்றும். ஆனால் அது பட்டுப்போனால் மக்கிய வேர் இருந்த இடம் தண்ணீருக்கு வழியாகும். புயலில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். எலி, நண்டு வளைகளும் அப்படித்தான்.

கடைசியாகக் கரையின் அடிக்கு வருவார். மதிப்பீட்டின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. மண் அணை கசியத்தான் செய்யும். கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, அதில் மண் வருகிறதா என்பதே கேள்வி. கசிநீரைச் சிறு வாய்க்காலில் திரட்டி, நடுவில் ‘வி’ வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்றைக் குறுக்கே நிறுத்துவார்கள். அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று அளந்தால், விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதை அன்றைய ஏரி மட்டத்தோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏரி ஏறும்போது கசிவும் கூடினால் இயல்பு. ஏரி மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது. பழக்கமான கசிவு திடீரென்று நின்றுபோனாலும் மகிழ்ச்சி வேண்டாம்; அது வேறு வழி பிடித்திருக்கலாம். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வந்தால், கரைக்குள் மண் அரிபட்டு ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு மணிக்கணக்கில்தான் அவகாசம் இருக்கக்கூடும்.

கெல்லி பார்ன்ஸ் அணையிலும், அது உடைந்த மழை இரவில் தீயணைப்புத் தன்னார்வலர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அணை உறுதியாக இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில், பழைய அளவுகள் எதுவும் கையில் இல்லாமல், கரையைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்? உடைந்ததற்கு ஒற்றைக் காரணத்தை விசாரணைக் குழுவாலும் சுட்ட முடியவில்லை. மிகச் செங்குத்தான வெளிச்சரிவு சரிந்ததும், அதோடு சேர்ந்த உள் அரிப்பும் காரணமாக இருக்கக்கூடும் என்றது.

சரிவைக் கணக்கிட்டுப் பார்க்க முடியும். மண்ணைத் தோண்டி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, கரையைச் சரியவிடாமல் பிடித்து வைக்கும் வலிமை, சரியச் செய்யும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பார்கள். ஏரி நிரம்பி, நீர் நிதானமாகக் கசியும் நிலையில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை. கான்கிரீட், கல் அணை என்றால் வேறு கேள்விகள்: அடித்தளத்தின்மீது வழுக்குமா, கவிழுமா, அடியில் புகுந்த நீர் எவ்வளவு மேல்நோக்கித் தள்ளுகிறது?

வெள்ளக் கணக்கு தனி. உபரி நீர் வெளியேறும் கலுங்கு எவ்வளவு வெள்ளத்தைத் தாங்க வேண்டும்? இந்தியத் தர நிர்ணயத்தின்படி, சிறிய அணைக்கு நூறாண்டு வெள்ளம் போதும். பெரிய அணைகளுக்கு அந்தப் படுகையில் வரக்கூடிய உச்சபட்ச வெள்ளம். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. வயலுக்கு மேலிருக்கும் அணைக்கு இது ஏற்கத்தக்கதாக இருக்கலாம். தெருவுக்கு மேலிருக்கும் அணைக்கு?

டக்கோவா துயரம் இந்தக் கேள்வியைத்தான் முன்னே கொண்டுவந்தது. அமெரிக்காவில் அணைகளைச் சோதிக்க 1972-லேயே சட்டம் இருந்தது, பணம் ஒதுக்கவில்லை. ஜார்ஜியாக்காரரான அதிபர் ஜிம்மி கார்ட்டர் இந்த விபத்துக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படையை இறக்கினார். 1981 வரை சுமார் 8,800 அணைகளைப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. பெரும்பாலானவற்றில் கோளாறு ஒன்றே: வெள்ளத்துக்குப் போதாத கலுங்கு. அந்தச் சோதனையில் உயரத்துக்கு ஒரு வகைப்பாடு, ஆபத்துக்கு வேறொரு வகைப்பாடு வைத்தார்கள். உடைந்தால் உயிர்கள் போகும் என்றால், அணை சிறியதானாலும் ‘உயர் ஆபத்து’தான்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதனை, வெள்ளத்துக்குப் பிறகு சோதனை, தனிக் குழுவின் முழு மதிப்பீடு என்று நல்ல விதிகள் அதில் உண்டு. ஆனால் அவை 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமும் வேறு சில தகுதிகளில் ஒன்றும் உள்ளவற்றுக்கும்தான். 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவான கெல்லி பார்ன்ஸ் நம் நாட்டில் இருந்திருந்தால், நீளமோ வெள்ள அளவோ சிக்கலான அடித்தளமோ காரணம் காட்டினால் ஒழிய, கொள்ளளவுக் கணக்கில் சட்டத்துக்கு வெளியேதான் நின்றிருக்கும்: சட்டம் வைத்த 10 லட்சம் கன மீட்டர் வரம்பை அது எட்டவில்லை.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் இருக்கின்றன, தடுப்பணைகள் தனி. மிகப் பெரும்பாலானவை பத்து மீட்டரைத் தொடாதவை. விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணையின் உயரம் மூன்று மீட்டரை ஒட்டியதுதான். 2020-இல் திறந்தார்கள், 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது, அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சிதைந்தது. புதிய கட்டுமானம் என்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது.

அணை மாறாமல் நின்றாலும் ஆபத்து மாறும். இருபது ஆண்டுக்கு முன் ஏரிக்குக் கீழே நெல் வயல். இன்று அங்கே மனைப்பிரிவு, பள்ளி, கல்யாண மண்டபம். கரையில் ஒரு கூடை மண்கூட மாறவில்லை, ஆனால் அது இப்போது வேறு வகை அணை. ஒவ்வோர் ஏரிக்கும் முழு ஆய்வு நடத்தப் பணமும் ஆளும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. எனவே வரிசையைத் தலைகீழாக்கலாம்: கரை உடைந்தால் தண்ணீர் எங்கெங்கே, எத்தனை நிமிடத்தில் போகும் என்பதை முதலில் கணக்கிடுவது. அதே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ஹெச்.இ.சி.-ராஸ் மென்பொருள் இதற்காக இலவசமாகவே கிடைக்கிறது. செயற்கைக்கோள் நில உயரத் தரவும் இலவசம். வழியில் வீடுகள் இருக்கும் ஏரிகளைப் பொறுக்கி எடுத்து, அங்கே மட்டும் கசிவுத் தகடும் பதிவேடும், மழைக்காலத்தில் கரையைப் பார்க்க ஓர் ஆளும் போட அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.