ஆஸ்பத்திரி பாக்கியும் கடையின் வங்கிக் கடனும்

வணிகப் பெருமக்கள் பலரும் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், கொஞ்சம் பாக்கி நின்றுவிட்டது, அது ‘சிபில்’ ஏட்டில் ஏறிக் கடையின் ஓ.டி. கணக்கைக் கெடுத்துவிடுமா என்பதே அது. நெம்மேலி, திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள். பலகையில் கடையின் பெயர் இருந்தாலும் வங்கி மேலாளர் தட்டிப் பார்ப்பது முதலாளியின் பான் எண்ணைத்தான். எனவே வீட்டுச் செலவு கடைச் சரக்கைத் தொடுமா என்பது நியாயமான கவலையே ஆகும்.

சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இன்று நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நம் வாயில் நான்குமே ‘சிபில்’தான். மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும்.

இந்த ஏட்டுக்குக் கணக்கு அனுப்புவோர் வங்கிகளும், நிதி நிறுவனங்களும், கிரெடிட் கார்டு நிறுவனங்களும் போன்ற கடன் கொடுக்கும் அமைப்புகளே. ஆஸ்பத்திரி அந்த வரிசையில் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்கே நேராகத் தர வேண்டிய பாக்கி சிபிலில் ஏறாது. நாம் வாடிக்கையாளருக்குப் பற்று எழுதிக் கொடுத்த அரிசி, பருப்பு பாக்கி எப்படி அங்கே ஏறாதோ அப்படித்தான். (ஏறினால் நமக்குச் சௌகரியமாக இருக்குமே என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு!) அதற்காக அந்தப் பாக்கியைக் கொடுக்காமல் விடலாம் என்று பொருள் அல்ல. அவர்கள் நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் வழக்கும் போடலாம். நாமும் பணம் கட்டுமுன் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக விலை போட்ட பில் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது உண்டு.

அப்படியானால் தொல்லை எங்கே வருகிறது? பாக்கி கடனாக மாறும் இடத்தில்தான் வருகிறது. டிஸ்சார்ஜ் நாளன்று கையில் பணம் போதாதபோது கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். அல்லது பில் கவுன்டரிலேயே “வட்டியில்லாத் தவணை” என்று ஒரு நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டுகிறார்கள், நாமும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டு, செல்போனுக்கு வந்த எண்ணையும் சொல்லிவிடுகிறோம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் பணம் போய்விடும். அதன் பிறகு அது ஆஸ்பத்திரி பாக்கி அல்ல, நம் பெயரில் ஒரு கடன் கணக்கு. வட்டி உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஏட்டில் அது கடன்தான்.

உதாரணமாக, 60,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் 12 தவணையாகக் கட்டும் ஒரு கடைக்காரரை எடுத்துக் கொள்வோம். 11 தவணை ஒழுங்காகப் போயிற்று. இதற்கிடையே அவர் நடப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினார். பழைய கணக்கில் பணம் இல்லாததால் கடைசித் தவணை திரும்பிவிட்டது. திரும்பிய கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., தாமத அபராதம் என்று தொகை ஏறுகிறது. நினைவூட்டல்களோ பழைய செல்போன் எண்ணுக்குப் போகின்றன. 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் வகையில் போய்ச் சேரும். தீபாவளிச் சரக்குக்காக ஓ.டி.யைக் கூட்டிக் கேட்கப் போகும்போதுதான் மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டுவார். லட்சக்கணக்கில் கொள்முதல் செய்பவருக்கு இந்த 5,000 ரூபாய் ஒரு பொருட்டல்ல. ஆனால் ஏட்டில் தொகை சிறியது என்று தனிச் சலுகை கிடையாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அங்கே ஆஸ்பத்திரி பாக்கியே வசூல் கம்பெனிகள் மூலம் ஏட்டில் ஏறும். 2023 ஏப்ரலில் அந்நாட்டின் மூன்று பெரிய தகவல் நிறுவனங்களும் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ பாக்கிகளை ஏட்டிலிருந்து நீக்கின. நம் நாட்டில் நாம் அறிந்த வரை அப்படியொரு வரம்பு இல்லை.

வசூலுக்கு வருபவர் சொல்லும் ‘செட்டில்மென்ட்’ பற்றியும் எச்சரிக்க வேண்டும். 7,000 பாக்கிக்கு 4,000 கொடுத்தால் முடித்துவிடலாம் என்பார். வியாபாரி மனம் உடனே கணக்குப் போடும்; 3,000 லாபம் என்று தோன்றும். ஆனால் ஏட்டில் அது ‘முடிக்கப்பட்டது’ என்று பதியாமல் ‘குறைத்துத் தீர்க்கப்பட்டது’ என்று பதியும். அடுத்துக் கடன் கொடுக்கும் வங்கிக்கு அது உறுத்தலாகவே இருக்கும். சிறு தொகையானால் முழுவதும் கட்டி, ‘பாக்கி இல்லை’ என்ற சான்றுக் கடிதம் வாங்குவதே நமக்கு நல்லது என்பது நம் கருத்து. வேண்டுமானால் அபராதத்தை மட்டும் தள்ளுபடி கேட்டு எழுதலாம். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். ஏஜெண்டின் சொந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

பாக்கி இருக்கிறது என்பதற்காக யாரும் கடை வாசலில் நின்று கூச்சல் போட முடியாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விடுத்த உத்தரவின்படி, வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. வாடிக்கையாளர் முன் அவமானப்படுத்துவதும், உறவினர், நண்பர்களைத் தொல்லைப்படுத்துவதும் கூடாது. இதற்கு அந்த ஏஜெண்டை அனுப்பிய நிறுவனமே பொறுப்பு.

பணம் கட்டிய பிறகும், அல்லது நம்முடையதே அல்லாத கடன் ஏறியிருந்தாலும், திருத்தும் வழி இருக்கிறது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறையில் உள்ளது. நமது அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தவறு கண்டால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தகவல் நிறுவனத்துக்கும் ரசீது, சான்றுக் கடிதம் ஆகியவற்றின் நகலுடன் புகார் எழுதவும். தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது, கடன் கொடுத்தவர் உறுதி செய்ய வேண்டும். ஆகவே இருவருக்கும் எழுதுவது அவசியம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதி. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

ஜாமீன் கையெழுத்தையும் மறந்துவிட வேண்டாம். கடைப் பையனின் தகப்பனார் வைத்தியத்துக்கு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கித் தந்து, நாம் ஜாமீன் போட்டிருந்தால், அவன் தவணை தவறுவது நம் அறிக்கையிலும் தெரியும். உதவ வேண்டும் என்றால் முடிந்த தொகையைக் கையிலேயே கொடுத்துவிடுவது மேல்.

கவுன்டரில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவையும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால், 2021 டிசம்பர் 18இல் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தின் உச்சவரம்புக்குள் இலவசம். வருமான வரம்பு இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். 1989இல் ஏற்பட்ட வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராக இருப்போர், சிகிச்சைக்கு உதவித் தொகை கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கவும். இதுவரை சேராதவர்கள் வணிகவரி அலுவலகத்தில் விசாரித்துச் சேர்ந்துகொள்ளலாம்.