எஞ்சின் ஓடுது, டயர் எங்கே?

அறுபது வருஷப் பழைய எஞ்சினை ஓட வைப்பது பெரிய அதிசயம் இல்லை. பிஸ்டன் ரிங், கேஸ்கெட், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் கிட் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் ஒருநாள் அது உறுமத் தொடங்கிவிடும். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களை நிஜமாகவே திணற வைப்பது வேற ஒண்ணு: டயர். இரும்பைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கலாம். வெடித்த ரப்பரை என்ன செய்ய முடியும்?

இதைப் புரிஞ்சுக்க நாம எடுத்துக்கப் போற வண்டி, அமெரிக்காவின் கார்டன் டிராக்டர். நம்ம வயல்ல ஓடுற டிராக்டரை மனசுல வெச்சுக்காதீங்க. வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் புல்வெளி வைத்திருப்பவர்களுக்காக வந்த குட்டி டிராக்டர் இது. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 'கப் கேடட்'டைக் கொண்டுவந்தது. 1963இல் ஜான் டீர் தன் '110' மாடலை இறக்கியது. இரண்டிலும் முதலில் வந்தது கோஹ்லர் கம்பெனியின் 7 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் டெக், பின்னால் சின்னக் கலப்பை, முன்னால் பனி தள்ளும் பலகை என்று மாட்டிக்கொள்ளலாம். அங்கே இன்றும் பலர் இவற்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறார்கள்.

ஓடாத டயரும் கெட்டுப்போகும்

"வண்டி ஷெட்டுலயேதான் நின்னுச்சு, டயர் நல்லாதான் இருக்கும்" என்று நினைக்கத் தோன்றும். காற்றில் உள்ள ஓசோன், ரப்பர் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகிறது. இழுவிசையில் இருக்கும் பக்கச்சுவரில்தான் முதலில் வெடிப்பு விழும். இதைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். நின்ற வண்டியில் அந்த வேலை சரியாக நடக்காது. பட்டன் தேயாமல் புத்தம்புதுசு போல இருக்கும் டயர், உள்ளே உளுத்துப்போயிருக்க அதுதான் காரணம்.

நம்பரைப் படிக்கலாம் வாங்க

ஜான் டீர் 110இன் பின் டயர் 23x8.50-12. முதல் எண் காற்றடித்த டயரின் மொத்த உயரம், 23 அங்குலம். அடுத்தது அகலம், 8.50 அங்குலம். கடைசி எண் ரிம்மின் விட்டம், 12 அங்குலம். நடுவில் உள்ள சின்னக் கோடு, இது ரேடியல் அல்ல, பயாஸ் பிளை டயர் என்று சொல்கிறது. முன் டயர் 16x6.50-8. அதையும் இதே மாதிரி படிக்கலாம்.

6-12 என்று இரண்டே எண் இருந்தால் அது பழைய முறை. 6 அங்குல அகலம், 12 அங்குல ரிம், அவ்வளவுதான். உயரம் எங்கே? இந்த முறையில் பக்கச்சுவரின் உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 12 + 6 + 6, அதாவது சுமார் 24 அங்குலம். கலப்பை இழுக்கும் பெரிய பட்டன் உள்ள டயர் என்றால் 25ஐத் தொடும்.

பக்கச்சுவரில் எழுத்தே அழிந்துபோயிருந்தால் ரிம்மைத்தான் அளக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கு. ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரை டேப் பிடித்தால் 13 அங்குலத்துக்கு மேல் வரும். அது 13 அங்குல ரிம் இல்லை, 12தான். கணக்கில் வருவது, டயரின் பீடு போய் உட்காரும் இடத்தின் விட்டம். விளிம்பு அதற்கு மேல் எழும்பி நிற்பதால்தான் அந்தக் கூடுதல்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

ரிம் விட்டத்தில் பேரமே கிடையாது. 12 என்றால் 12. ரிம் அகலத்தில் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். 8.50 டயருக்கு 7 அங்குல அகல ரிம் பொருந்தும். அதே ரிம்மில் 6-12 டயரை மாட்டினால் பீடுகள் விரிந்து, டயர் தட்டையாகி, ஓரங்கள் மட்டும் தேயும்.

உயரத்தை மாற்றலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. 23 அங்குலத்துக்குப் பதில் 25 அங்குல டயர் போட்டால் அதே கியரில் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். சக்கரத்தில் வரும் டார்க் மாறாததால், ஆரம் கூடக் கூட இழுவிசை குறையும். இங்கே சுமார் 8 சதவீதம் போய்விடும். 7 குதிரைத்திறன் வண்டிக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. பின் அச்சு ஒரு அங்குலம் உயரும். முன்பக்கம் அப்படியே இருந்தால் டெக் முன்னால் சாய்ந்து, புல் சீராக வெட்டுப்படாது.

பின் டயரில் ஒன்றை மட்டும் மாற்றினாலும் வம்புதான். இரண்டின் உயரமும் வேறு வேறாக இருந்தால், நேராகப் போகும்போதுகூட டிஃபரன்ஷியல் கியர்கள் ஓய்வில்லாமல் சுழலும். ஜோடியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பட்டன் கணக்கு

டிராக்டர் டயருக்கு வடிவக் குறியீடுகள் உண்டு. ஆர்-1 என்பது உழவுக்கான ஆழமான சாய்வுப் பட்டன். ஆர்-2 நெல், கரும்பு வயல்களுக்கு, இன்னும் ஆழம். ஆர்-3 புல்லைக் கிழிக்காத மேலோட்டமான பட்டன். ஆர்-4 கட்டுமான வேலைக்கு. புல் மட்டும் வெட்டப் போகிறீர்கள் என்றால் ஆர்-3 போதும். ஆர்-1 போட்டால் புல்வெளி உழுத நிலமாகிவிடும்!

ஆர்-1க்குத் திசையும் உண்டு. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் வீட்டுக் கூரை மாதிரி, முனை மேலே இருக்கும்படி தெரிய வேண்டும். அப்போதுதான் முனை முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை இரண்டு பக்கமும் தள்ளிவிடும்.

மாட்டும்போது

பழைய டயரைக் கழற்றினால் ரிம் உள்ளே துரு தின்று கிடக்கலாம். இழுவைக்கு எடை வேண்டும் என்று அந்தக் காலத்தில் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றுவார்கள். குளிரில் சீக்கிரம் உறையாது, தண்ணீரைவிடக் கனம். ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். லேசான குழிகள் என்றால் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, டியூப் போட்டு ஓட்டலாம். ஓட்டை விழுந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.

அகலமான டயர் நசுங்கி வந்திருந்தால் பீடு ரிம்மைத் தொடாது. அடிக்கிற காத்தெல்லாம் வெளியே போகும். டயரைச் சுற்றி ஒரு பெல்ட் போட்டு இறுக்கினால் பீடுகள் வெளியே தள்ளும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடிக்கலாம். ஆனால் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி முயலுங்கள். "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பாப்போம்" என்ற ஒரு வார்த்தையில் பீடு அறுந்து கை போனவர்கள் உண்டு. டயருக்கு நேராகக் குனிந்து நிற்காதீர்கள்.

அறுபது வருஷம் கழித்தும் ஏன் கிடைக்குது?

ஒவ்வொரு டயர் அளவுக்கும் வடிவத்துக்கும் தனி மோல்டு வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் சில ஆயிரம் பேருக்காக எந்தக் கம்பெனியும் மோல்டு செய்து கட்டுப்படியாகாது. அதனால்தான் அசல் பட்டன் வடிவம் பல நேரம் கிடைப்பதில்லை. ஆனால் அளவு கிடைக்கிறது. 16x6.50-8ஐ இன்றைய புல்வெட்டும் வண்டிகளும் பயன்படுத்துகின்றன. 4.00-8ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம ஆட்டோ டயர் அளவு அது. 6-12ஐ 6.00-12 என்று எழுதினால் நம்ம ஊர் பவர் டில்லர் டயர்! அளவு ஒன்று என்பதற்காக ஆட்டோ டயரைப் புல்வெளியில் ஓட்ட வேண்டாம். அது ரோட்டுக்காக, அதிக அழுத்தத்துக்காகச் செய்தது. ஆனால் ரிம் அளவு ஒன்று உயிரோடு இருக்கும்வரை, அதை நம்பி நிற்கும் பழைய வண்டிக்கும் உயிர் இருக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குக் களை எடுக்கும் வண்டி, மருந்து தெளிக்கும் வண்டி என்று டிசைன் செய்கிறவர்கள் இதை யோசிங்க மக்களே. சேஸியை வரைந்து முடித்துவிட்டு டயர் தேடுவதைவிட, பக்கத்து டயர் கடையில் எந்த அளவு எப்போதும் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு சேஸியை வரையலாம். அந்த வண்டியை ஒரு விவசாயி பத்து வருஷம் கழித்தும் ஓட்டுவாரா, ஷெட்டில் போட்டு வைப்பாரா என்பதை அந்த ஒரு எண்ணே தீர்மானித்துவிடும்.