கை மறந்த தொழிலை மீட்பது எப்படி?

2021ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கார்ப் பந்தய மைதானம் ஒன்றை ஒட்டிய வெட்டவெளியில் ஃபோர்டு நிறுவனத்தின் புத்தம் புதிய சரக்கு வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. எஞ்சின் இருந்தது, சக்கரங்கள் இருந்தன, வாங்குவோரும் காத்திருந்தனர். ஆயினும் வண்டிகளை விற்க முடியவில்லை. நகத்தின் அளவே உள்ள சில சிலிக்கன் சில்லுகள் வந்து சேரவில்லை என்பதே காரணம்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சில்லு பிறந்ததே அமெரிக்காவில்தான். 1947இல் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவானது. பல டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டில் அமைக்கும் வழியை 1958இல் ஜாக் கில்பியும், அடுத்த ஆண்டில் ராபர்ட் நாய்ஸும் தனித்தனியே கண்டனர். அப்படிப்பட்ட நாடு, சில்லுக்காகக் கைகட்டி நிற்க நேர்ந்தது ஏன்? இழந்த தொழிலை மீண்டும் தன் மண்ணில் நிறுவ அதனால் முடியுமா?

படிப்படியாக வெளியேறிய தொழில்

தொழில் ஒரே நாளில் வெளியேறிவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில், செய்து முடித்த சில்லுகளில் மெல்லிய கம்பிகளை இணைத்து உறையிலிடும் வேலையை ஃபேர்சைல்டு நிறுவனம் ஹாங்காங்குக்கு அனுப்பியது. அங்கே கூலி, அமெரிக்கக் கூலியில் ஒரு சிறு பங்கே. மற்ற நிறுவனங்களும் இதே வழியில் சென்றன. மூளை வேலை இங்கே, கை வேலை அங்கே என்பது அன்று மிகப் பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றியது.

1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளைக் குறைந்த விலையிலும் சிறந்த தரத்திலும் செய்யத் தொடங்கின. 1985இல் இன்டெல் நிறுவனம் நினைவகச் சில்லுத் தொழிலையே கைவிட்டது. 1987இல் தைவானில் டி.எஸ்.எம்.சி. என்ற நிறுவனம் பிறந்தது. அதன் நிறுவனர் மாரிஸ் சாங், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 25 ஆண்டுகள் பணியாற்றியவர். "பிறர் வரைந்து கொடுக்கும் சில்லுகளை நாம் செய்து கொடுப்போம், நமக்கெனச் சொந்தச் சில்லு வேண்டாம்" என்பதே அவருடைய தொழில் முறையின் சாரம். கோடிக்கணக்கில் செலவாகும் ஆலையைக் கட்டும் தொல்லையிலிருந்து விடுபட்ட அமெரிக்க நிறுவனங்கள், வடிவமைப்பை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டன.

விளைவு என்ன? உலகின் சில்லு உற்பத்தித் திறனில் 1990இல் 37 விழுக்காடாக இருந்த அமெரிக்காவின் பங்கு, 2020இல் ஏறக்குறைய 12 விழுக்காடாகச் சுருங்கியது.

ஆயிரம் படிகள், ஒரு கணக்கு

வரைபடம் கையிலிருக்கும்போது, வேண்டிய நாளில் ஆலையைக் கட்டிச் செய்துகொள்ளலாமே என்று தோன்றலாம். இங்குதான் சிக்கல் இருக்கிறது. அதை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம்.

இன்றைய நுண்ணிய சில்லு ஒன்று, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தகட்டின்மேல் ஆயிரம் படிகளுக்கு மேல் கடந்து உருவாகிறது. படலம் படிய வைத்தல், ஒளியினால் உருவம் பதித்தல், வேண்டாத பகுதியை அரித்து நீக்குதல், கழுவுதல், அளந்து பார்த்தல் என்று இவை மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒவ்வொரு படியும் 99.9 விழுக்காடு பிழையின்றி நடப்பதாகக் கொள்வோம். மிக நல்ல வேலை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 0.999 என்ற எண்ணை ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள், விடை 0.37 அளவில் வரும். அதாவது நூறு சில்லுகளில் 37 மட்டுமே தேறும். 63 குப்பைக்குப் போகும். ஒவ்வொரு படியின் துல்லியத்தையும் 99.99 விழுக்காடாக உயர்த்தினால், நூற்றுக்கு 90 தேறும்.

இரண்டு ஆலைகளிலும் அதே இயந்திரங்கள், அதே வரைபடம். ஒன்றில் 37, மற்றதில் 90. முன்னது நட்டத்தில் மூழ்கும், பின்னது செழிக்கும். இந்த வேறுபாட்டைத் தருவது எது? வாயுவின் அழுத்தம் சற்றே மாறினால் என்ன நேரும், எந்தக் குழாயிலிருந்து தூசு வருகிறது, இயந்திரத்தை எப்போது நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்பன போன்ற ஆயிரம் சிறு அறிவுகளே. இவற்றில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றாடம் அந்த இயந்திரத்தோடு பழகுபவர்களின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது.

செய்யச் செய்ய வரும் தேர்ச்சி

இந்த உண்மையை அளந்து காட்டியவரும் ஓர் அமெரிக்கரே. டி. பி. ரைட் என்ற விமானப் பொறியாளர் (விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் வேறு) 1936இல் ஒரு விதியை வெளியிட்டார். மொத்த உற்பத்தி இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு வேண்டிய சராசரி உழைப்பு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது என்பதே அது. முதல் விமானத்துக்கு 1,000 மணி நேர உழைப்பு என்றால், இரண்டு விமானங்களின் சராசரி 800 மணி. நான்கின் சராசரி 640. எட்டின் சராசரி 512.

இந்தத் தேர்ச்சி எங்கே சேர்கிறது என்று கவனியுங்கள். வரைபவரிடம் அன்று, செய்பவரிடம். வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது கூலி மிச்சமாயிற்று. ஆனால் ஆண்டுதோறும் வளரும் தேர்ச்சியும் வேலையோடு சேர்ந்து கப்பலேறிவிட்டது.

ஒரு முன்னனுபவம்

இழந்ததை மீட்க அமெரிக்கா முன்பும் முயன்றதுண்டு. 1987இல் 14 நிறுவனங்கள் சேர்ந்து செமாடெக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அரசு ஆண்டுக்கு 10 கோடி டாலர் வழங்கியது. அதனை வழிநடத்த வந்தவர், சில்லைக் கண்டவர்களுள் ஒருவரான ராபர்ட் நாய்ஸ். சில்லு செய்யும் இயந்திரங்களை உருவாக்கும் தொழில் நலிந்தால் சில்லுத் தொழில் நிலைக்காது என்று கண்டு, செமாடெக் அவர்களுக்கே பெரிதும் கைகொடுத்தது.

அவர்களுள் ஒன்று மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜி.சி.ஏ. நிறுவனம். சிலிக்கன் தகட்டில் ஒளியினால் உருவம் பதிக்கும் இயந்திரத்தில் 1970களின் இறுதியில் உலகுக்கே முன்னோடியாக விளங்கிய நிறுவனம் அது. செமாடெக்கின் உதவியோடு அது மீண்டும் நல்ல இயந்திரத்தைச் செய்தது. ஆயினும் சில்லு ஆலைகள் அதற்குள் ஜப்பானிய இயந்திரங்களுக்குப் பழகிவிட்டிருந்தன. வாங்க ஆளின்றி 1993இல் ஜி.சி.ஏ. மூடப்பட்டது. இன்று இத்துறையின் மிக நுட்பமான இயந்திரத்தை உலகில் செய்வது ஒரே நிறுவனம்: நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல்.

அரிசோனாவில் நடந்தது

2022 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிச் சில்லுத் துறைக்கு 5,270 கோடி டாலர் ஒதுக்கியது. இதில் 3,900 கோடி டாலர் உற்பத்திக்கான ஊக்கத்தொகை. உதவி பெற்றவற்றுள் டி.எஸ்.எம்.சி.யும் ஒன்று. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஆலை அமைப்பதாக அது 2020இலேயே அறிவித்திருந்தது.

2024இல் உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம். 2023இலோ, தொடக்கம் 2025க்குத் தள்ளிப்போகும் என்று நிறுவனம் அறிவித்தது. இத்தகைய ஆலையில் இயந்திரங்களை நிறுவத் தெரிந்த தேர்ச்சியாளர்கள் போதிய அளவில் இல்லை என்றது. பணம் இருந்தது, நிலம் இருந்தது, சட்டமும் துணை நின்றது. குறைவாக இருந்தவை பழகிய கைகளே.

தீர்வும் அதற்கேற்பவே அமைந்தது. அமெரிக்கப் பொறியாளர்கள் தைவானுக்குச் சென்று மாதக்கணக்கில் பயின்றனர். தைவானின் அனுபவசாலிகள் அரிசோனாவுக்கு வந்தனர். 2024இன் இறுதியில் ஆலை பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. தேறும் சில்லுகளின் விகிதம் தைவான் ஆலைகளுக்கு இணையாக உள்ளது என்று நிறுவனம் கூறியது. தொலைத்த தேர்ச்சியை மீண்டும் கற்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அதைச் சரக்குபோல இறக்குமதி செய்ய முடியாது. மனிதரிடமிருந்து மனிதர் கற்றாக வேண்டும்.

எல்லாமே உள்நாட்டிலா?

இந்த வெற்றியின் எல்லைகளையும் அறிந்துகொள்வது நல்லது. அரிசோனாவில் செய்த தகடுகள், உயர்நுட்ப முறையில் உறையிடப்படுவதற்காகத் தொடக்க காலத்தில் தைவானுக்கே சென்றன. உருவம் பதிக்கும் இயந்திரம் நெதர்லாந்திலிருந்தும், அதன் ஆடிகள் ஜெர்மனியிலிருந்தும் வருகின்றன. அதன் ஒளிமூலம் மட்டும் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் உருவாகிறது. நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் தாக்கி, 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பிறப்பிக்கும் அற்புதம் அது. ஆக, எந்த நாடும் இதைத் தனியே செய்துவிட முடியாது. கென்டக்கியில் வண்டிகளை முடக்கியவையும் இத்தகைய நுண்ணிய சில்லுகள் அல்ல. பெரும்பாலும் பழைய வகைச் சில்லுகளே.

வேலைவாய்ப்பும் அப்படித்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1979இல் ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம் பேர் பணியாற்றினர். 2010இல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேரே. அந்தக் கூட்டம் முழுவதும் திரும்பி வராது. அரிசோனாவில் 6,500 கோடி டாலர் முதலீட்டில் மூன்று ஆலைகள் என்று 2024இல் அறிவித்தபோது, அவற்றில் நேரடி வேலை சுமார் 6,000 பேருக்கு என்றே கூறப்பட்டது. ஒரு வேலைக்கு ஒரு கோடி டாலருக்கு மேல்! இங்கே மீட்கப்படுவது வேலைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் செய்யும் திறனே.

பழைய பாடம்

அமெரிக்கத் தொழில் வரலாற்றின் முதல் பக்கமே இதைத்தான் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, நூற்பு இயந்திரங்களின் வரைபடங்களையும் அவற்றை அறிந்த தொழிலாளர்களையும் நாட்டைவிட்டு வெளியேற விடவில்லை. 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது இளைஞர், ஆலையில் பயிற்சி பெற்றவர், கையில் ஒரு வரைபடமும் இன்றிக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ரோட் தீவு மாநிலத்தின் பாடக்கெட் நகரில் நீராற்றலால் நூற்கும் இயந்திரங்களை ஓடவைத்தார். அமெரிக்காவின் நூற்பாலைத் தொழில் அவ்வாறு வேரூன்றியது. அன்று கடல் கடந்து வந்தது ஒருவரின் நினைவிலிருந்த தொழிலறிவு.

ஏறக்குறைய 235 ஆண்டுகளுக்குப் பின் அரிசோனாவுக்கும் அவ்வாறே அது வந்து சேர்ந்திருக்கிறது. இனி அது அங்கே நிலைப்பதும் நிலைக்காததும், அந்த ஆலைகள் இடைவிடாது இயங்குவதையும், அடுத்த தலைமுறை அங்கே நின்று பழகுவதையும் பொறுத்தது.