கல்லணைக்கு ஒரு நாள்: மாறுதலுக்குப் பழகும் குழந்தை

தினந்தோறும் போகும் வரப்பின் வழியாகவே போகவேண்டும். வட்டிலிலே சோறும் பொரியலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வழக்கமாக வரும் பேருந்துக்குப் பதிலாக வேறு நிறத்தில் ஒன்று வந்து நின்றால் ஏறமாட்டேன் என்று தரையில் புரண்டு அலறவேண்டும். இப்படிப்பட்ட குழந்தை ஒன்றிரண்டு பல கிராமங்களிலே உண்டு. "இரண்டு அடி கொடுத்தால் சரியாகிவிடும்" என்பதே ஊரார் கூறும் வைத்தியம். ஆனால், இக்குழந்தைகளில் பலரிடம் இருப்பது பிடிவாதம் அன்று. ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும், பிறவியிலேயே அமைந்த வளர்ச்சி வேறுபாடு அது. பெற்றோர் வளர்த்த விதத்தினால் வருவதன்று, தொற்றுவதுமன்று. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் என்றும் ஒரே மாதிரியாக இருக்கவேண்டும் என்று இக்குழந்தைகள் தவிக்கும் தவிப்பை அவர் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

இத்தவிப்பு ஏன் உண்டாகிறது என்பதை விவசாயிகள் எளிதில் உணரலாம். முறைப்பாசனத்தில் நம் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் வரும் என்று தெரிந்திருந்தால் நிம்மதியாக உறங்குகிறோம். நாள் தெரியாவிட்டாலோ, இரவெல்லாம் மடையருகே நடக்கிறோம். இக்குழந்தைக்கோ உலகமே முறை தெரியாத மடைதான். அடுத்து என்ன நடக்கும் என்பதை நம்மைப்போல் முகக்குறியாலும் பேச்சாலும் அவனால் எளிதில் ஊகிக்க முடிவதில்லை. ஒலியும் வெளிச்சமும் கூட்டமும் பலருக்கு மிகையாகத் தாக்குகின்றன. அதனால் தனக்குத் தெரிந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறான்.

பற்றிக்கொள்ளட்டுமே, அதனால் என்ன என்று கேட்கலாம். சோறும் பொரியலும் தொடாமல் உண்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை மாற்ற முயல்வது வீண் வேலை என்றே நாம் கருதுகிறோம். ஆனால், வழக்கம் இறுகிக்கொண்டே போனால் வீடு முழுவதும் அதற்குள் அடைபட்டுவிடுகிறது. தாய் தன் உடன்பிறந்தான் கல்யாணத்திற்கும் போவதில்லை. தகப்பன் வெளியூர் போனால் தாய் காவலிருக்கிறாள். அக்காள் தோழியரை வீட்டிற்கு அழைக்க அஞ்சுகிறாள். ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். பத்தொன்பது வயதில் தூக்க முடியுமா? தாயும் தகப்பனும் இல்லாத ஒரு நாளில் எல்லா வழக்கமும் ஒருசேர உடையும். அந்த நாளைத் தாங்கும் வலிமையைச் சிறிது சிறிதாக இப்போதே ஊட்டவேண்டியிருக்கிறது.

இதற்குக் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய்வருவது நல்ல பயிற்சி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் ஒன்பது வயதுப் பையனுள்ள ஒரு குடும்பம் கல்லணைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பையனுக்கு மதகில் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பதிலே கொள்ளை ஆசை. பிரியமான இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதற் காரியம். பிடிக்காத இடத்திற்கு இழுத்துச் சென்று மாறுதலையும் கற்பிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே வீட்டிலே பயிற்சி தொடங்கவேண்டும். பழைய அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பேருந்து, அணை, சாப்பாடு, பூங்கா, வீடு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டலாம். படம் அழகாயிருக்கவேண்டியதில்லை, பையனுக்கு அடையாளம் தெரிந்தால் போதும். இவற்றோடு கேள்விக்குறி போட்ட அட்டை ஒன்றும் வேண்டும். "இன்று ஏதோ ஒன்று மாறும்" என்பது அதன் பொருள். இதை முதலில் சிறு காரியங்களிலே காட்டிப் பழக்கவேண்டும்: ஒரு நாள் தம்ளரை மாற்றுவது, ஒரு நாள் வயலுக்கு வேறு வரப்பில் போவது. மாறுதல் வந்தும் தீங்கொன்றும் நேரவில்லை என்பதை அவன் தானே கண்டுகொள்ளவேண்டும்.

பயண நாளில் நாமாகச் செய்யும் மாறுதல் ஒன்றே ஒன்றுதான். அணையைப் பார்த்தவுடன் சாப்பாடு, பிறகு பூங்கா என்றிருப்பதை, முதலில் பூங்கா, பிறகு சாப்பாடு என்று அவன் கண்ணெதிரிலேயே அட்டையை இடம் மாற்றி வைக்கலாம். எந்த மரத்தடியில் உண்பது என்று இரண்டு இடங்களைக் காட்டி, அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நலம். உணவு மட்டும் வீட்டில் பழகியதாகவே இருக்கட்டும். பேருந்து ஒலிப்பானுக்கு அஞ்சுபவனானால் காதை மூட ஒரு துண்டோ, ஒலி தடுக்கும் காதுமூடியோ கைவசம் வேண்டும்.

நாம் எண்ணாத மாறுதலும் வரும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது ஜூன் 12 என்பது மரபு. ஆயினும் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இலோ ஜூலை 28 வரை நாம் வானத்தைப் பார்த்திருந்தோம். ஆகவே "தண்ணீர் பார்க்கலாம்" என்று பையனுக்கு உறுதி கூறிவிடக் கூடாது. முந்தின நாளே விசாரித்துக்கொள்வதோடு, தண்ணீர்ப் படத்தின் அருகில் கரிகாலன் யானைமேல் அமர்ந்திருக்கும் சிலையின் படத்தையும் ஒட்டி, "இது அல்லது அது" என்று சொல்லிப் பழக்கவேண்டும். "அல்லது" என்ற ஒரு சொல்லைத் தாங்கக் கற்றுக்கொண்ட பிள்ளை பாதிக் கிணறு தாண்டியவன்.

இவ்வளவு செய்தும் அவன் நிலைகுலையலாம். முன்னதாகவே அறிகுறி தெரியும்: சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வான், காதைப் பொத்துவான், கைகளை வேகமாக உதறுவான். அப்போதே கூட்டத்தை விட்டு விலகி நிழலுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அழுகை முற்றிவிட்டால் புத்திமதி ஒன்றும் காதில் ஏறாது. பேச்சைக் குறைத்து, அடிபடாமல் காத்து, அருகில் அமர்ந்திருப்பதே செய்யத்தக்கது. பொருள் வேண்டி அழும் குழந்தை பொருள் கிடைத்தால் நிறுத்திவிடும்; இவன் அழுகை அத்தகையதன்று. அடித்தால், மாறுதலோடு வலியும் சேர்ந்து வரும் என்ற பாடத்தைத்தான் அவன் கற்பான். நாள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வீடு திரும்பிவிடுவது மேல். இரண்டு மணி நேரமே இருந்தாலும் குறையொன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். இக்குழந்தைகளில் பலர் தண்ணீரால் ஈர்க்கப்பட்டுத் தனியே ஓடிவிடுவர், ஆபத்தை உணரமாட்டார்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் ஆகிய நான்கும் பிரியும் இடம் கல்லணை. அங்கே ஒரு பெரியவர் பையன் கையைப் பிடித்திருப்பதைத் தவிர வேறு வேலை ஏதும் வைத்துக்கொள்ளக் கூடாது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு அவன் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளுக்குச் சுவர் எழுப்புவது முதல் வேலை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. இதை அறியாமல் அடையாள அட்டை பெறாத குடும்பங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு அனுப்பிவைக்கலாம். வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியர்களிடம் பட அட்டை முறையைக் கேட்டறியலாம். பேருந்து நடத்துநரிடமும் கடைக்காரரிடமும், பையன் அலறினால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல் வழிவிடுமாறு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

வீடு திரும்பிய பின் அட்டைகளை எறிந்துவிடாமல் எடுத்து வைக்கவேண்டும். சில வாரங்கள் கழித்து அதே கல்லணைக்கு வேறொரு நேரத்துப் பேருந்திலே புறப்படலாம். அப்போது மாறும் அட்டை பேருந்து அட்டையாக இருக்கட்டும்.