வெள்ளத்தில் ஊறிய சுவர்: மறுபூச்சுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு மணல் தேவை?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி பெருக்கெடுத்து, நெல்லை வண்ணார்பேட்டை, குறுக்குத்துறை பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. இப்படி நாள்கணக்கில் ஊறிய சுவரில் உப்பு பூக்கும், பூச்சு உதிரும். "ஒரு யூனிட் மணல் இறக்கிடுங்க" என்பார்கள். அவ்வளவு வேணுமா?

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 10-க்கு 10 அறை, உயரமும் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. ஒரு கதவு, ஒரு ஜன்னலைக் கழித்தால் சுமார் 363. அரை இஞ்ச் கனத்துக்கு 15 கன அடி கலவை போதும். ஆனால் தண்ணீர் ஊற்றியதும் கலவை அமுங்கும் என்பதால், உலர்ந்த பொருளாக 20 கன அடி வாங்கணும். 1-க்கு 5 கலவையில், சேதாரமும் சேர்த்து 3 மூட்டை சிமெண்ட், 18 கன அடி மணல். யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

தண்ணீர் 4 அடிதான் ஏறியது, அதற்கு மேல் ஒரு அடி வரை கொத்தினால் போதும் என்றால், இதிலும் பாதிதான்.

ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-லேயே தடை விதித்தது. பூச்சுக்கு பி-சாண்ட் கேளுங்க; எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு.

சின்ன வேலையில் பட்ஜெட்டை எகிற வைப்பது பெரும்பாலும் கூலிதான். பழைய பூச்சைக் கொத்துவதும் இடிபாட்டை அள்ளுவதும் சதுர அடி ரேட்டில் அடக்கமா என்று கொத்தனாரிடம் முதலிலேயே பேசிடுங்க. சுவர் நன்றாகக் காயும் முன் பூசினால், இந்தச் செலவு இன்னொரு முறையும் வரும்.